நாய்க்கு முழங்கால் சவ்வு கிழிந்தால்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பிரவுனி லாப்ரடோர் கலப்பு. 31 கிலோ இருந்தபோது அவளுக்கு இடது பின்காலில் முழங்கால் சவ்வு போனது. ஒன்றரை வருடம் கழித்து வலது காலும் போனது. முதல் காலுக்கு ஒப்பரேஷன் செய்தோம், இரண்டாவது காலைக் கத்தி வைக்காமலே தேற்றினோம். அதற்குப் பிறகு தலவாக்கலைப் பக்கம் யார் வீட்டு நாய் நொண்டினாலும் எனக்குத்தான் கோல் வருகிறது. நான் டொக்டர் இல்லை. கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நேற்று வரை மலையில் ஓடித் திரிந்தது. இன்று காலையில் பின்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சவ்வுதானா?

முதலில் பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கில் அட்டை இருக்கலாம், முள் ஏறியிருக்கலாம், போத்தல் கண்ணாடி வெட்டியிருக்கலாம். அப்புறம் காலைச் சுற்றி மயிர் உரிந்து கோடு மாதிரி காயம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காட்டுப் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டி, இழுத்துப் பிய்த்துக்கொண்டு வந்த நாயும் இப்படித்தான் நிற்கும். அது வேறு அவசரம், அன்றைக்கே காட்ட வேண்டும். இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு இன்னொரு கால் என்று நோ மாறி மாறி வந்து, சாப்பாடும் இறங்காமல் உடம்பும் சுட்டால் உண்ணிக் காய்ச்சலையும் யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் இல்லை என்றால் முழங்கால்தான் என்று சந்தேகப்படலாம். சவ்வு கிழிந்த நாய் நிற்கும்போது அந்தக் காலின் விரல் நுனியை மட்டும் தரையில் தொட்டு வைத்திருக்கும். உட்காரும்போது காலை ஒழுங்காக மடிக்காமல் பக்கவாட்டில் நீட்டிவிடும். படுத்து எழும்பியதும் மோசமாக நொண்டும், பத்தடி நடந்தால் கொஞ்சம் சரியாகும். இது பல கிழமையாக நடந்துகொண்டிருந்தால் இரண்டு தொடையையும் கையால் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். நோவான பக்கம் சதை மெலிந்திருக்கும். பிரவுனிக்கு நான் இதைக் கவனித்தபோது இரண்டு மாதம் கடந்திருந்தது. "குளிருக்குப் பிடிச்சிருக்கு" என்று நானே தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சவ்வு அப்படி என்னதான் வேலை செய்கிறது?

ரம்பொடை வளைவில் பாரம் ஏற்றிய லொறியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு சமதரை இல்லை. பின்பக்கமாகச் சரிந்த ஒரு மேடு அது, சாய்வு ஏறக்குறைய 25 பாகை. தொடை எலும்பு அந்தச் சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாய் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் தொடை எலும்பு பின்னால் வழுக்கப் பார்க்கும், கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளப்படும். அதைப் பிடித்து நிறுத்துகிற ஹேண்ட்பிரேக்தான் முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன் சிலுவைச் சவ்வு. சீட்டில் சிசிஎல் என்று எழுதுவார்கள். பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு ஏசிஎல் போய்விட்டது என்கிறோமே, அதே சவ்வு.

பிரேக் போனால் லொறி வழுக்கும். முழங்காலுக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் அதில் நசுங்கும். சவ்வு கிழிந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மெனிஸ்கஸும் சேர்ந்தே பழுதாகியிருக்கும். நடக்கும்போது முழங்காலில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் பெரும்பாலும் அதுதான். நோவில் பெரும்பங்கும் அதனால் வருவது.

எந்த அடியும் படவில்லையே, எப்படிக் கிழிந்தது?

மனிதருக்கு ஒரே திருப்பத்தில் அறுந்துபோகும். நாய்க்குப் பெரும்பாலும் அப்படியில்லை. பழைய கயிறு நூல் நூலாகப் பிரிகிற மாதிரி மாதக்கணக்கில், சிலவற்றுக்கு வருடக்கணக்கில் நைந்து வந்து, ஒருநாள் கானை, அதாவது வடிகாலை, தாண்டும்போது அறுந்துவிடும். நாம் பார்ப்பது அந்தக் கடைசி நூலைத்தான். கானைத் தாண்டியதால் வந்தது என்று நாயைக் கூட்டிப் போன பையனைத் திட்டிப் பிரயோசனமில்லை.

லாப்ரடோர், ரொட்வைலர் போன்ற இனங்களுக்கு இது கூடுதலாக வரும். எடை கூடின எந்த நாய்க்கும் வரும்.

டொக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எக்ஸ்ரே கட்டாயமா?

கையால்தான் கண்டுபிடிப்பார். ஒரு கையால் தொடை எலும்பையும் மறு கையால் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து, மேசை லாச்சியை இழுத்துத் தள்ளுவதுபோல் அசைத்துப் பார்ப்பார். சவ்வு முழுதாகப் போயிருந்தால் எலும்பு லாச்சி மாதிரியே முன்னால் வரும். பாதி கிழிந்த நிலையில் அசைவு தெரியாமல் போகலாம். நோவிலும் பயத்திலும் நாய் காலை இறுக்கிக்கொண்டாலும் தெரியாது. அதனால் மயக்க ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னால் காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள்.

எக்ஸ்ரேயில் சவ்வு தெரியாது. ஆனாலும் எடுக்க வேண்டும். மூட்டுக்குள் நீர் கோர்த்திருப்பது, எலும்புத் தேய்மானம் எவ்வளவு, எலும்பு முறிவோ கட்டியோ இருக்கிறதா, இடுப்பு மூட்டில் கோளாறா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

டவுனில் இருக்கும் அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் முதலில் காட்டலாம். அங்கே மாடுகள்தான் அதிகம் வரும் என்றாலும் நாயையும் பார்ப்பார்கள். மேலதிகப் பரிசோதனைக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கோ, கண்டி, கொழும்புப் பக்கம் எலும்பு ஒப்பரேஷன் செய்கிற தனியார் கிளினிக்குக்கோ அனுப்புவார்கள். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு 77 கிலோமீற்றர், அத்தனையும் வளைவு. வேனின் தரையில் சாக்கு விரித்து நாயைப் படுக்க வைத்து, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். சீட்டில் ஏற்றினால் வளைவுக்கு வளைவு கீழே விழும்.

நோவுக்குப் பனடோல் கொடுக்கலாமா?

வேண்டாம். பனடோலும் வேண்டாம், ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். மனிதருக்கான ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பனடோல் கூடினால் ஈரல் போகும். பூனைக்கு என்றால் ஒரு பனடோல் குளிசையே உயிரைக் குடித்துவிடும். எனக்கு ஒரு பாமசியில், "நாய்க்கா? அரைக் குளிசை குடுங்க" என்று டைக்ளோஃபெனாக்கை வெட்டியே தந்தார்கள். நல்ல காலம், அன்று இரவு தற்செயலாக டொக்டருக்குக் கோல் எடுத்தேன்.

நாய்க்கென்று கார்ப்ரோஃபென், மெலோக்சிகாம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. எடையைப் பார்த்து அளவு சொல்வார்கள். சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி வந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு டொக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு முன் யாராவது ஸ்டீரொய்ட் ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் வயிறு ஓட்டையாகிவிடும்.

இன்னொன்று. மருந்து கொடுத்ததும் நாய் ஓடும். நோ போனதே தவிர சவ்வு ஒட்டவில்லை. பிரவுனி மருந்து தொடங்கிய நாலாம் நாள் குரங்கைத் துரத்திக்கொண்டு மேல்மலைக்கே போய்விட்டாள். திரும்பி வரும்போது மூன்று காலில் வந்தாள்.

ஒப்பரேஷன் இல்லாமல் ஆறுமா?

கிழிந்த சவ்வு மறுபடி ஒட்டாது. ஆனால் முழங்காலைச் சுற்றி உடம்பே தழும்புச் சதையை வளர்த்து மூட்டை இறுக்கும். அந்த இறுக்கம் போதுமா என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் நாயின் எடையில் இருக்கிறது.

1984-ல் வெளிவந்த ஒரு பழைய ஆய்வை டொக்டர்கள் இன்னும் சொல்வார்கள். ஒப்பரேஷன் செய்யாத 85 நாய்களைப் பார்த்தார்கள். 15 கிலோவுக்குக் குறைந்தவற்றில் 100-க்கு 85 அளவில் நன்றாகவோ, முன்பைவிடத் தேறியோ இருந்தன. 15 கிலோவுக்கு மேற்பட்டவற்றில் 100-க்கு 19தான். பெரிய நாய் என்றால் கத்திதான் என்ற பேச்சுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

2013-ல் இன்னொரு ஆய்வு வந்தது. எடை கூடின 40 பெரிய நாய்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் எடைக் குறைப்பு, பிசியோதெரபி, நோ மருந்து. ஒரு பாதிக்கு அதோடு ஒப்பரேஷனும். ஒரு வருடம் கழித்து ஒப்பரேஷன் செய்தவற்றில் 75 சதவீதம் நல்ல நிலையில் இருந்தன. செய்யாதவற்றில் ஏறக்குறைய 64 சதவீதம். ஒப்பரேஷன்தான் முன்னால் நிற்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 19-க்கும் 64-க்கும் இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள். சும்மா விட்ட நாய்க்கும், எடையை இறக்கி ஒழுங்காகப் பயிற்சி கொடுத்த நாய்க்கும் உள்ள தூரம் அது என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டு ஆய்வையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது என்று ஒரு டொக்டர் என்னைத் திருத்தினார், அது சரிதான். ஆனாலும் காசு இல்லை, ஆகவே நாய்க்கு விதி இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் நான் இந்த 64-ஐத்தான் சொல்கிறேன்.

ஆகவே 15 கிலோவுக்குக் குறைந்த நாய் என்றால் ஆறு முதல் எட்டுக் கிழமை அடக்கி வைத்துப் பாருங்கள். அதற்கு மேற்பட்ட நாய், இளம் நாய், மெனிஸ்கஸ் கிழிந்த நாய் என்றால் முடிந்தவரை ஒப்பரேஷன் பக்கம் போங்கள். வயது போன நாய், இருதய நோய் உள்ள நாய், கையில் காசே இல்லாத வீடு என்றால் எடைக் குறைப்பும் அடக்கமும்தான் மருந்து. சும்மா விடுவது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

எட்டுக் கிழமை அடக்கி வைப்பதா? லயத்தில் அது நடக்கிற காரியமா?

நடக்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே நாங்கள் இரண்டு முறை செய்தோம். இஸ்தோப்பு (முன் திண்ணை) மூலையில் பழைய பலகையும் தேயிலைப் பெட்டியும் வைத்து, நாய் எழும்பித் திரும்பிப் படுக்கிற அளவுக்கு ஒரு சின்ன அடைப்பு. ஓட இடமிருக்கக் கூடாது, பாய உயரமிருக்கக் கூடாது. சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரைதான் முதல் எதிரி. ஒவ்வொரு வழுக்கலும் அந்தக் காலுக்கு ஒரு அடி. தரை முழுக்கச் சாக்கு விரித்து, ஓரத்தைக் கல்லால் அமர்த்துங்கள்.

இரவில் காம்பராவுக்குள், அதாவது வீட்டு அறைக்குள், எடுத்துவிடுங்கள். குளிருக்காக மட்டுமில்லை. புலி, அதாவது சிறுத்தை, இஸ்தோப்பு வரை வந்து நாயைத் தூக்குகிற தோட்டங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. நொண்டி நாயால் ஓடவும் முடியாது.

மூத்திரத்துக்கும் மலத்துக்கும் கயிற்றில் பிடித்து ஐந்து நிமிடம், சமதரையில் மட்டும். லயத்தில் சமதரைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பீலிக்கரை, பிள்ளை மடுவத்து முற்றம், கோயில் முன்பக்கம் என்று ஏதாவது ஒரு துண்டு இருக்கும். அங்கே போகிற வழியில் படி இருந்தால் தூக்கிக்கொண்டு போங்கள். பெரிய நாயைத் தனியாகத் தூக்க முடியாது. பழைய சாரத்தை நீளமாக மடித்து, பின்கால்களுக்கு முன்னால் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு நுனியையும் மேலே சேர்த்துப் பிடித்தால் பின்பக்கத்தின் பாரம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

முதல் நாலு நாள் ஊளையிடும். பக்கத்துக் காம்பராக்காரரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

எடையை எப்படிக் குறைப்பது? அது சாப்பிடுவதே கொஞ்சம்தானே.

எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். காலையில் நான் ஒரு துண்டு தேங்காய் ரொட்டி, பத்து மணிக்கு அம்மா இரண்டு மாரி பிஸ்கட், பகல் சோறு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஒரு பங்கு, இரவுக்கு மறுபடி சோறு. யாரும் அதிகம் கொடுக்கவில்லை, எல்லோரும் கொடுத்தோம். ஒரே ஆள், ஒரே கோப்பை என்று ஆக்கியதும்தான் எடை இறங்கத் தொடங்கியது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் அவித்த பீன்ஸும் கரட்டும் போட்டோம். நம் ஊரில் மரக்கறிக்கா பஞ்சம்? உப்பு, வெங்காயம் சேர்க்காமல் அவியுங்கள், வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

நிறுப்பதற்கு, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்துத் தராசுதான் கைகொடுத்தது. கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு சாக்குக்குள் பிரவுனியை உட்கார வைத்துத் தொங்கவிட்டோம். தலையை மட்டும் வெளியே நீட்டி எல்லோரையும் பார்த்தாள். "முப்பத்தொரு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிருங்க ஐயா" என்று, கொழுந்தின் ஈரத்துக்கு எடை கழிக்கிற மாதிரியே ஒரு அக்கா சொல்ல, மடுவமே சிரித்தது.

தராசு இல்லாவிட்டால் கை போதும். நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவும்போது எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கையைத் தடவுகிற மாதிரி மெத்தென்று இருந்தால் குறைக்க வேண்டும். பிரவுனி ஏழு மாதத்தில் 25 கிலோவுக்கு வந்தாள்.

ஒப்பரேஷனில் என்னென்ன வகை?

மூன்றைத் தெரிந்து வைத்தால் போதும்.

முதலாவது நைலோன் முறை. மூட்டுக்கு வெளியே, கிழிந்த சவ்வு ஓடிய திசையிலேயே தடித்த நைலோன் இழையைக் கட்டுவார்கள். தொடை எலும்பின் பின்னால் உள்ள சின்ன எலும்பு மணியைச் சுற்றி, கீழ்க்கால் எலும்பில் போட்ட துளை வழியாக அது போகும். நைலோன் நாளடைவில் தளரும், சிலவேளை அறும். அதற்குள் தழும்புச் சதை வளர்ந்து மூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு. எலும்பை வெட்டுவதில்லை, விசேட கருவி அதிகம் தேவையில்லை, செலவு குறைவு. சின்ன, நடுத்தர நாய்களுக்கு நன்றாகவே சரிவரும். பிரவுனிக்கும் இதுதான் செய்தார்கள். 31 கிலோ நாய்க்கு இது எல்லைதான் என்று டொக்டர் முன்கூட்டியே சொன்னார்.

இரண்டாவது டிபிஎல்ஓ. அமெரிக்க மிருக வைத்தியர் ஸ்லோக்கம் 1993-ல் வெளியிட்ட முறை. லொறிக்கு ஹேண்ட்பிரேக் மாற்றுவதற்குப் பதிலாக ரோட்டையே சமதரையாக்கிவிடுகிறார்கள். கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைந்த வாளால் அறுத்து, சாய்வு ஏறக்குறைய 5 பாகைக்கு வரும்வரை சுழற்றி, உலோகத் தட்டும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குவார்கள். சரிவு இல்லாவிட்டால் வழுக்கலும் இல்லை, சவ்வு இல்லாமலே கால் நிற்கும். பெரிய, துடிப்பான நாய்களுக்கு இன்று எலும்பு டொக்டர்கள் பலர் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது டிடிஏ, சூரிச்சில் உருவாகி 2002-ல் அறிமுகமானது. கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பை வெட்டி முன்னால் நகர்த்தி, முழங்காற் சில்லின் நாண் இழுக்கும் கோணத்தை மாற்றுவது. பலன் டிபிஎல்ஓவுக்குக் கிட்டத்தான்.

எந்த முறையானாலும் மெனிஸ்கஸைப் பார்த்து, கிழிந்த துண்டு இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். அதைப் பார்ப்பீர்களா என்று முன்னாலேயே கேளுங்கள்.

செலவைப் பார்த்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

தட்டு, ஸ்க்ரூ போடுகிற முறைகள் நைலோனைவிடப் பல மடங்கு செலவு. விலை மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை. தொகை சொல்லும்போது அதற்குள் எக்ஸ்ரே, மயக்கம், மருந்து, எட்டுக் கிழமை கழித்து எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் அடங்குமா என்று கேளுங்கள். "இந்த ஒப்பரேஷனை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள், டொக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கைபழகிய ஒருவர் செய்யும் நைலோன், எப்போதாவது செய்பவரின் டிபிஎல்ஓவைவிட மேல் என்பது என் அபிப்பிராயம்.

கடன் எடுத்து டிபிஎல்ஓ செய்துவிட்டு, மூன்றாம் கிழமையே நாயை அவிழ்த்துவிட்ட வீடும் எனக்குத் தெரியும். தட்டு வளைந்து இரண்டாம் ஒப்பரேஷன் ஆனது. அடக்கி வைக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு?

முதல் மூன்று நாள் ஐஸைத் துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 10 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. காயத்தை நக்க விடாதீர்கள். கழுத்துக்குக் கூம்பு தருவார்கள், இரக்கப்பட்டுக் கழற்றினால் ஒரே இரவில் தையலைப் பிரித்துவிடும். தையல் 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். மழைக்காலத்தில் கட்டு, தையல் எதுவும் நனையக் கூடாது, நம் பக்கத்தில் இதுதான் கஷ்டம்.

நைலோன் என்றாலும் தட்டு என்றாலும் எட்டு முதல் பன்னிரண்டு கிழமை கயிற்றில்தான். எலும்பு வெட்டிய நாய்களுக்கு எட்டாம் கிழமை எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது தெரிந்த பிறகே நடையைக் கூட்ட வேண்டும். இரண்டு கிழமைக்குள் நாய் விரல் நுனியையாவது ஊன்றத் தொடங்க வேண்டும். ஊன்றிக்கொண்டிருந்த நாய் திடீரென்று மறுபடி தூக்கினால், அல்லது காயம் சுட்டு வீங்கி நீர் வடிந்தால், காத்திருக்க வேண்டாம்.

கட்டுப் போடலாமா? எண்ணெய், பாம்?

முழங்காலுக்குக் கட்டு நிற்காது. சறுக்கிக் கீழே இறங்கி, காலுக்குப் பாரமாகத்தான் தொங்கும். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதும் அப்படித்தான். தலைவலி பாம் பூசினால் நாய் நக்கும், அதிலுள்ள கற்பூரம் உள்ளே போகும். இதமான சூட்டில் ஒத்தடம் கொடுத்து, தொடைச் சதையை மெல்லப் பிடித்துவிடுவது நல்லது, முதல் சில நாளின் வீக்கம் வடிந்த பிறகு. முழங்காலுக்கு மாட்டுகிற பிரேஸ் வாங்க நினைக்கும் காசை எக்ஸ்ரேக்கு வையுங்கள். மீன் எண்ணெய் மூட்டுத் தேய்மானத்துக்கு ஓரளவு உதவும், அளவை டொக்டரிடம் கேளுங்கள்.

எங்கள் பொமரேனியன் நாலு எட்டு வைத்து ஒரு எட்டுத் துள்ளுகிறது. அதுவும் இதுதானா?

அநேகமாக இல்லை. சின்ன நாய்களில் முழங்காற் சில்லு தன் பள்ளத்திலிருந்து விலகி, பிறகு தானாகவே திரும்பி உட்காரும். அந்த நேரம்தான் துள்ளல். நாலு படிநிலை சொல்வார்கள். முதல் படி பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், மூன்றும் நாலும் ஒப்பரேஷன். ஆனால் வருடக்கணக்காகச் சில்லு விலகும் காலில் சவ்வும் கிழியலாம். துள்ளல் நொண்டலாக மாறினால் காட்டுங்கள்.

மற்றக் காலும் போகுமா?

போகலாம். ஒரு காலில் கிழிந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறு காலும் கிழிகிறது, பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்குள். பிரவுனிக்கு வலது கால் போனபோது அவள் 25 கிலோ, இடது கால் உறுதியாக இருந்தது, எங்களுக்கோ இரண்டாம் ஒப்பரேஷனுக்கு வசதியில்லை. மெனிஸ்கஸ் சத்தம் இல்லை என்று டொக்டர் சொன்னதால் அடக்கி வைத்தே பார்த்தோம். ஐந்து மாதம் பிடித்தது. குளிர் கூடின தை மாதத்து விடியற்காலையில் அந்தக் கால் இன்னும் கொஞ்சம் விறைக்கும். இடது கால் விறைப்பதில்லை. வித்தியாசம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை.

மறுபடி மலைக்கு எப்போது கூட்டிப் போகலாம்?

ஒப்பரேஷன் செய்த காலுக்கு நாலு முதல் ஆறு மாதம். முதலில் சமதரையில் நேரத்தைக் கூட்டுங்கள். அப்புறம் மெதுவான ஏற்றம், அது தொடைச் சதையைத் திரும்ப வளர்க்கும். கயிறு தளர்வாக இருக்கட்டும், வேகம் வேண்டாம், ஓடினால் நோவான காலை ஊன்றாமலே சமாளித்துவிடும். இறக்கம் அதற்குப் பிறகு. படிக்கட்டும் குறுக்குப் பாதையும் கடைசி. கான் தாண்டுவதை முடிந்தவரை எப்போதும் தவிருங்கள். பிரவுனி இப்போது என்னோடு, காலையில் தொழிலாளர் கூடுகிற பிரட்டுக் களம் வரை வருவாள். குறுக்குப்படி வந்ததும் நின்றுவிடுவாள், நான் லொறி ரோட்டால் சுற்றித் திரும்பும் வரை அசைய மாட்டாள்.